பூச்சி பிடிக்கிற வேலை

1998 ஜூன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மடிவாளாவில் ஓர் எஸ்டிடி பூத்திலிருந்து, ஆத்தூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு அப்பாவை வரச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டபோது அவர் மூச்சிரைக்க எடுத்தார். "அங்க உனக்கு என்ன வேலைடா சாமி?"

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. விளக்கவும் முடியாது, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "கம்ப்யூட்டருக்குள்ள பூச்சி இருக்குதுப்பா. அதைப் பிடிக்கிற வேலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "மருந்தடிச்சாப் போவாதா?"

குச்சிக்கிழங்கு போடுகிறவர் வேறு எப்படிக் கேட்பார்? சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதன்பின் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் அதே வேலையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதற்கு 'பக்' என்று பெயர். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன். பக் ரெய்ஸ் பண்ணு, பக் லாக் பண்ணு, இந்த பக் க்ளோஸ் ஆயிடுச்சா. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் 'நெஞ்சு பக்கென்றது' என்பதன் பக் மாதிரியே இருக்கிறது. தற்செயல்தான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அங்கேயும் பயம்தான் உட்கார்ந்திருக்கிறது.

நான் சேர்ந்த நேரத்தில் உலகமே ஒரு பக்கைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஒய்டூகே என்று அதைச் சொல்வார்கள். அறுபது எழுபதுகளில் கம்ப்யூட்டரின் நினைவகம் தங்க விலை. அதனால் 1975 என்று எழுதாமல் 75 என்று இரண்டே இலக்கத்தில் ஆண்டைச் சேமித்தார்கள். 99 முடிந்து 00 வரும்போது அது 2000-ஆ, 1900-ஆ? இயந்திரம் 1900 என்று எடுத்துக்கொண்டால் 1975-இல் பிறந்த எனக்கு வயது மைனஸ் 75. வங்கி வட்டி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் இந்தக் கணக்கில் ஓடின. நிரல்கள் பெரும்பாலும் கோபால் மொழியில் எழுதப்பட்டவை. அமெரிக்காவில் அந்த மொழி தெரிந்தவர்கள் போதவில்லை. இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று மாதத்தில் கோபால் கற்றுக்கொடுத்து உட்கார வைத்தார்கள். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செயற்கைக்கோள் தொடர்போடு வந்து இறங்கியதிலிருந்தே பெங்களூருக்கு மென்பொருள் பழக்கம் உண்டு. ஆனால் அமெரிக்க வங்கிகளின் உள்ளறை வரை இந்த ஊர் நுழைந்ததில் அந்தப் பூச்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேரின் வீட்டுக் கடனை அது அடைத்தது.

பகலில் அந்த பக் என்றால் இரவில் இன்னொன்று. மடிவாளாவில் நான் தங்கியிருந்த பெண்கள் பிஜியில் ஒரு அறைக்கு ஆறு பேர். இரும்புக் கட்டிலின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி. மண்ணெண்ணெய் ஊற்றினோம், வெந்நீர் ஊற்றினோம், மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டோம். விளக்கை அணைத்துப் பத்து நிமிடத்தில் வரும், போட்டால் மறைந்துவிடும். பக்கத்துக் கட்டில் மைசூர்ப் பெண் "திகணெ, திகணெ" என்று அலறுவாள். அதுவும் பக்தான், சொல்லப்போனால் முறைப்படி அதுதான் பக். பிரிட்டனில் நெடுங்காலம் வெறுமனே 'பக்' என்றாலே மூட்டைப்பூச்சிதான். எல்லாப் பூச்சிக்கும் அந்தப் பெயரை அள்ளிக் கொடுத்தது அமெரிக்கர்களின் தாராளம்.

அந்தத் தெருவில்தான் கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகினேன். கடைப் பலகைகளுக்கு அப்புறம் கண்ணில் பட்டது, சில பழைய வீட்டுக் கதவுகளில் சாக்பீஸால் எழுதி மங்கிப்போயிருந்த இரண்டு சொற்கள்: நாளெ பா. நாளைக்கு வா. கடன்காரனுக்கு எழுதியது என்று நினைத்தேன். பிஜி அக்கா திருத்தினார். தொண்ணூறுகளில் பெங்களூரை ஆட்டிய பேய்க் கதை அது. ராத்திரியில் பேய் வந்து தெரிந்தவர்கள் குரலில் கதவைத் தட்டுமாம். திறந்தால் முடிந்தது கதை. கதவில் 'நாளெ பா' என்று எழுதியிருந்தால், படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், போய்விடும். எழுதப் படிக்கத் தெரிந்த பேய். ஒவ்வொரு முறையும் சொன்ன பேச்சைக் கேட்கிற பேய். எனக்கு அதன்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

பேயைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், பக் என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் பூச்சியைக் குறிக்கவில்லை. பேயைத்தான் குறித்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் பயமுறுத்தும் உருவம், சோளக்கொல்லை பொம்மை, இருட்டில் நிற்கிற ஏதோ ஒன்று. 1535-இல் கவர்டேல் என்பவர் வெளியிட்ட ஆங்கில பைபிளில், 91ஆம் சங்கீதத்தில், இரவு நேரத்து அச்சத்தைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பதிப்புக்கே 'பக் பைபிள்' என்று செல்லப்பெயர் விழுந்துவிட்டது. இன்று அதைப் புரட்டுகிறவர்கள், இரவில் வரும் மூட்டைப்பூச்சிக்கு அஞ்சவேண்டாம் என்று ஆண்டவர் ஆறுதல் சொல்வதாகப் படித்துச் சிரிக்கிறார்கள். என் பிஜி நாட்களில் அந்த ஆறுதல் எனக்குத் தேவைப்பட்டது என்பது வேறு.

பூச்சி என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டில்தான் தெரிய வருகிறது. பேய்தான் பூச்சியாகச் சிறுத்ததா, அல்லது இவை ஒலியால் ஒன்றான இரண்டு வேறு சொற்களா என்று சொல்லாய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு இந்த வழக்கு கொஞ்சமும் அந்நியமில்லை. சோறு உண்ணாத பிள்ளைக்கு நாம் காட்டுவது பூச்சாண்டி. "என்கிட்டயே பூச்சி காட்டுறியா?" என்று கேட்டால், என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாயா என்று பொருள்; அங்கே கரப்பானும் இல்லை, வண்டும் இல்லை. பூச்சாண்டிக்குள் இருப்பது பூச்சி இல்லை, உடம்பெல்லாம் நீறு பூசிய ஆண்டி என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். கன்னடத்தில் பூச்சாண்டிக்குக் கும்மன் என்று பெயர். புரந்தரதாசரின் பாட்டு ஒன்றில் குட்டிக் கிருஷ்ணனே கும்மனுக்குப் பயந்து அம்மாவிடம் கெஞ்சுகிறான்.

எங்கள் தொழிலில் பேய் இன்னும் போகவில்லை. சில பிழைகள் பயனர் சொல்லும்போது இருக்கும். நாம் உட்கார்ந்து பார்த்தால் இருக்காது. கண்காணிப்புக் கருவியை மாட்டினால் ஒழுங்காக ஓடும், கழற்றினால் தடுக்கும். ஹைசன்பர்க் என்ற இயற்பியலாளர் பெயரை ஒட்டி இவற்றுக்கு ஹைசன்பக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டால் மறையும் திகணெதான், வேறென்ன.

சொல் என்னவோ பேயிலிருந்து பூச்சிக்கு வந்ததோடு நிற்கவில்லை. காலேஜ் படிக்கும் என் மகள் ஒரு நாளைக்கு நாலு தடவை "அம்மா, பக் பண்ணாதே" என்பாள். நச்சரிக்காதே என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு என்றால் ஸ்டமக் பக். ஊர் சுற்றும் ஆசை வந்தால் டிராவல் பக் கடித்துவிட்டது. எப்போதும் கேமராவோடு திரிகிறவர் ஷட்டர்பக், ரோட்டில் குப்பை போடுகிறவர் லிட்டர்பக். (பெங்களூருக்கு இந்தக் கடைசிச் சொல் நிறையவே தேவைப்படுகிறது.) முதுகு வளைந்த அந்தப் பழைய ஃபோக்ஸ்வாகன் காரும் பக். கன்னடக்காரர்கள் தலைக்குள் 'ஹுள' விடுவார்கள். ஹுள என்றால் புழு பூச்சி. ஒருவரிடம் குழப்பமாக ஏதோ சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட வேண்டும், அவர் ராத்திரியெல்லாம் அதையே நினைத்துப் புரள வேண்டும். நம் ஊரில் மண்டைக்குள் வண்டு குடைவது போல. ஆங்கிலேயர் பக் செய்வது தோலுக்கு வெளியே, கன்னடர் விடுவது மண்டைக்கு உள்ளே. என் வாக்கு கன்னடத்துக்குத்தான்.

ஒளித்து வைத்த ஒட்டுக்கேட்புக் கருவிக்கும் பக் என்றுதான் பெயர். சின்னது, இடுக்கில் இருப்பது, இருக்கிறதா என்றே தெரியாதது. மூட்டைப்பூச்சியின் எல்லா லட்சணமும் பொருந்துகிறது. அமெரிக்காவில் 1972-இல் வாட்டர்கேட்டில் அது பிடிபட்டு, இரண்டு வருடத்தில் ஜனாதிபதியின் பதவியைத் தின்றது. இங்கே 1988 ஆகஸ்டில் ராமகிருஷ்ண ஹெக்டே கர்நாடக முதல்வர் பதவியை விட்டு விலகியதும் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரால்தான். கம்பியில் ஒட்டுக் கேட்பது வேறு, அறையில் பக் வைப்பது வேறு என்று துறைக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். நாற்காலிக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். டெஸ்டிங் வேலைக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாள் ஒரு கதை சொல்வார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற கடற்படை அம்மையார் கம்ப்யூட்டருக்குள் செத்துக் கிடந்த பூச்சியைக் கண்டுபிடித்தார், அன்றிலிருந்துதான் பிழைக்கு பக் என்று பெயர் வந்தது என்று. நானும் பல வருடம் புதுப் பிள்ளைகளிடம் இதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். பாதிதான் உண்மை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் டூ இயந்திரத்தில் எழுபதாம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமான பக் ஒன்று முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதினார்கள். அந்த ஏடு பூச்சியோடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் 'நிஜமான' என்று ஏன் எழுத வேண்டும்? அதற்கு முன்பே நிஜமில்லாத பக்குகளோடு அவர்கள் மல்லாடிக்கொண்டிருந்ததால்தானே அது நகைச்சுவையாகிறது. எடிசன் 1878-லேயே தன் கடிதங்களில், கண்டுபிடிப்பு வேலையின் நடுவே தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஹாப்பர் அந்தப் பூச்சியைப் பிடித்தவரும் அல்ல; கதையைச் சுவையாகச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர். ஆனாலும் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1959-இல் கோபால் மொழி உருவானபோது அதற்கு அடித்தளமாக இருந்தது அவருடைய வேலை. அவர் பரப்பிய கதையையும் அவர் வழிவந்த மொழியையும் வைத்துத்தான் நான் மடிவாளாவில் வாடகை கொடுத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. பூச்சியியல்காரர்களிடம் போனால் அந்த 1947 அந்துப்பூச்சியை பக் என்று ஏற்கவே மாட்டார்கள். அவர்கள் கணக்கில் பக் என்பது ஒரு தனி வரிசை: ஊசி போன்ற வாயால் குத்திச் சாறு உறிஞ்சுகிறவை. மூட்டைப்பூச்சி, அசுவினி, அரக்குப்பூச்சி, சில்வண்டு எல்லாம் அதில் உண்டு. அந்துப்பூச்சி வண்ணத்துப்பூச்சி வகையறா. உலகின் முதல் 'நிஜமான' பக் ரிப்போர்ட்டையே, டெஸ்டர் பாஷையில் சொன்னால், 'நாட் எ பக்' என்று மூடிவிடலாம்.

அந்த வரிசையில்தான் மாவுப்பூச்சியும் வருகிறது. அதோடு எங்கள் குடும்பத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பிறவி. பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரிக்குப் போனது, பட்டு வளர்த்தவர்கள் செடியைப் பிடுங்கினார்கள். பிறகு குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கம் அதை நம்பித்தான் ஜவ்வரிசி ஆலைகள் ஓடுகின்றன. 2009 கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவின் இரண்டரை ஏக்கரும் சுண்ணாம்புப் பொடி தூவியது போல வெளுத்துக் கிடந்தது. குருத்து சுருண்டு, இலை கறுத்து, கையால் தொட்டால் பிசுபிசுப்பு. மருந்தடித்துப் பார்த்துவிட்டார். உடம்பின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து வழிந்து ஓடுகிறது. மிச்சம் இருப்பவை பத்து நாளில் பழையபடி பெருகுகின்றன.

"உன் கம்ப்யூட்டர் பூச்சி எப்படி, இதே மாதிரிதானா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பதில் பெங்களூரிலிருந்தே வந்தது, ஆனால் என் அலுவலகத்திலிருந்து அல்ல. ஹெப்பாளில் பல்லாரி ரோட்டில் மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. இன்றைய பெயர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். நான் அந்த வாசலை ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்திருப்பேன், எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் 2010-இல் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தார்கள். அதில் நன்றாக வேலை செய்தது அசெரோபேகஸ் பப்பாயே. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்று வளர்ந்து, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். முதலில் சோதனைச்சாலையில் பெருக்கி, வேறு நல்ல பூச்சிகளைத் தொடவில்லை என்று பார்த்து, பிறகு தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகம் வழியாகவும் வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாகவும் தோட்டம் தோட்டமாக விட்டார்கள். எங்கள் ஊருக்கு ஒரு சின்னக் குப்பியில் வந்தது. 'இனி மருந்தடிக்காதீங்க, அடிச்சா குளவி செத்துரும்' என்பதுதான் நிபந்தனை. அப்பாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது: பூச்சியைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது. சில மாதத்தில் இலையின் அடியில் மாவுப்பூச்சியின் உலர்ந்த வெற்றுக் கூடுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஊசி முனை அளவு ஓட்டை.

"இது வேலை," என்றார். என் வேலையைச் சொல்லவில்லை.

அவர் தோட்டத்துப் பூச்சி நிஜமாகவே வெளியிலிருந்து வந்தது. 1947 அந்துப்பூச்சியும் ஜன்னல் வழியாக வந்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் இருப்பவை எங்கிருந்தும் பறந்து வருவதில்லை. நாங்களே எழுதுகிறோம். ஒரு வெளிநாட்டுக் காப்பீட்டு நிரலை நான்தான் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களுக்கு அது லீப் இல்லாத ஆண்டில் பிரீமியம் கணக்கிட மறுத்தது. அந்தத் தேதியைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மறுநாள் கூட்டத்தில் எங்கள் மேனேஜர் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு பக் வந்துருச்சு." வந்துருச்சு. மழை வந்துருச்சு, விருந்தாளி வந்துருச்சு என்பது போல. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் செய்யவில்லை, அது வந்தது.

டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1988-இல் இதைத்தான் கண்டித்தார். பக் என்று சொல்வதை நிறுத்துங்கள், பிழை என்று சொல்லுங்கள். நிரல் எழுதுகிறவன் பார்க்காத நேரத்தில் ஏதோ ஒன்று தானாக உள்ளே புகுந்துவிட்டது போன்ற பாசாங்கு வேண்டாம் என்றார். அவர் தமிழ் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தமிழில் கணினி வேலை செய்கிறவர்கள் பூச்சி என்று மொழிபெயர்க்கவில்லை. வழு என்று வைத்தார்கள். இலக்கணச் சொல். நன்னூல் ஏழு வகை வழுவைச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. பிழையில்லாதது வழாநிலை. அதோடு விட்டிருந்தால் சாதாரணம். மூன்றாவதாக ஒன்று வைத்தார்கள்: வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம். அப்பா பசுவைப் பார்த்து "எங்க ஆத்தா வந்துட்டா" என்பார்; அஃறிணையை உயர்திணையாக்கிய வழு, ஆனால் அன்பினால் அமைந்தது. பெண்ணான என்னை "வாடா சாமி" என்பார். அது பால் வழுவமைதி. எங்கள் பக் ட்ராக்கரில் 'வொர்க்ஸ் ஆஸ் டிசைன்ட்', 'வோன்ட் ஃபிக்ஸ்' என்று நிலைகளைக் குறிக்கும்போதெல்லாம் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் ஞாபகம் வரும். அவர் ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் போட்டு வைத்துவிட்டார். டெய்க்ஸ்ட்ரா அதற்கு ஒப்புவாரா என்பது சந்தேகம்தான். எனக்கு வழு என்ற சொல் பிடிக்கும். வாயில் வருவது என்னவோ பக்தான்.

இலக்கணத்தில் இல்லாத ஒரு நிலையும் எங்களிடம் உண்டு: டிஃபர்டு. இருக்கிறது, தெரியும், பிறகு பார்க்கலாம். ஒய்டூகேயையே பாதி இடங்களில் நாங்கள் இப்படித்தான் தீர்த்தோம். ஆண்டை நான்கு இலக்கமாக்க நேரமில்லாத இடத்தில், 00 முதல் 29 வரை வந்தால் இரண்டாயிரம், 30 முதல் 99 வரை என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஒரு கோடு கிழித்தோம். 2030-இல் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அதற்குள் இந்த நிரலே இருக்காது என்றார்கள். 1960-களில் இரண்டு இலக்கத்தில் எழுதியவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள்.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் நான் பதிவு செய்த கடைசி பக்கும் ஒரு தேதிதான். தொழிற்சாலைச் சுவரில் மாட்டும் ஒரு சின்ன அளவுமானிப் பெட்டி. அது 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 நொடியில் இடம் நிரம்பிவிடும். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரத்துக்குக் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடி பெட்டி தன்னை 1901-இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பெரிய கம்ப்யூட்டர்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன; இந்த மாதிரிப் பெட்டிகள் பல மாறவில்லை.

நிரல் எழுதிய பையனுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேடம், அதுக்குள்ள இந்த பாக்ஸே இருக்காது."

நான் வாதாடவில்லை. டிஃபர்டு என்று குறித்தேன். காரணம் எழுதச் சொல்லிக் கீழே ஒரு பெட்டி திறந்தது. அதில் கன்னட எழுத்தில் இரண்டே சொல் அடித்துவிட்டு எழுந்தேன்: நாளெ பா.